பார்த்தேன் என்று சொன்னது

2021 செப்டம்பர் 28, செவ்வாய்

கடையில் இன்றும் டிவி சண்டை. காலையில் டீ குடிக்க வருகிறவர்களுக்கு ஒரு சேனல் வேண்டும், சாயங்காலம் வருகிறவர்களுக்கு வேறொரு சேனல். ஒரே நாள், ஒரே ஊர், இரண்டு செய்தி. இவர் ரிமோட்டைக் கல்லாவுக்குள் போட்டுவிட்டு ஏதோ பழைய கிரிக்கெட் மேட்சை ஓட விட்டாராம்.

"சவூதியில, தம்மாம்ல நான் இருந்தப்ப அங்க உள்ள பேப்பர்லயும் இதேதான் எழுதுவான் ஹமீதா. வெளியாள் வந்து வேலையைப் புடுங்கிட்டான்னு. அந்த வெளியாள் நான்தான்" என்று சொல்லிச் சிரித்தார். என் வீட்டுக்காரர் அப்துல் ஜலீலுக்கு எல்லாமே சிரிப்புதான். எனக்கு அப்படி வராது. அதனால்தான் இதில் எழுதி வைக்கிறேன்.

கொல்லைத் தகரக் கொட்டகையைக் கழுவி விட்டேன். சம்பா நடவுக்கு மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத் ஆட்கள் வந்திருக்கிறார்கள். போன வருஷம் வந்த அதே கூட்டம், ரஃபிகுல்தான் மேஸ்திரி. இப்போது தமிழ் இன்னும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. "அக்கா நல்லா இருக்கு?" என்றான். நீதான் நல்லா இருக்கணும் தம்பி என்றேன். முதல் நடவு சிங்காரவேலு ஐயா வயலில்.

அக்டோபர் 5

ஷார்ஜாவிலிருந்து ஃபாஜில் போன் பண்ணித்தான் எனக்கே தெரியும். "ம்மா, நம்ம வீட்டு வாசல் யூடியூப்ல வருது. யாரு எடுத்தது?"

யார் எடுத்தது. ராஜராஜன். சிங்காரவேலு ஐயாவின் ஒரே பையன். இந்த வீட்டு முற்றத்தில் ஃபாஜிலோடு பம்பரம் விட்டவன். சிங்கப்பூர் போய்த் திரும்பி வந்தவன். இப்போது உரக்கடை மாடியில் 'டெல்டா சங்கு' என்று ஒரு சேனல் நடத்துகிறான்.

ரஃபிகுலும் மற்றவர்களும் பம்பு செட்டில் குளிப்பதை மறைந்திருந்து எடுத்திருக்கிறான். பின்னாலேயே ஒரு பயமுறுத்தும் இசை. "யார் இவர்கள்? எல்லை தாண்டி வந்தவர்களா? டெல்டாவில் இவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது யார்?" அந்த 'யார்' வரும்போது என் வாசல் கதவு. பச்சைப் பெயிண்ட், மேலே 786.

அவர்கள் நடுவது யாருடைய வயல் என்று ஒரு வார்த்தை கிடையாது. அது அவன் அப்பன் வயல்!

அக்டோபர் 6

வீடியோவுக்குக் கீழே எழுதுகிறவர்களில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். போட்டோவைப் பார்த்தாலே தெரிகிறது. காலை டீக்கு வருகிறவர்கள். இவர் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டு "நாட்டை விட்டு விரட்டு" என்று எழுதுகிறார்கள். இரண்டு பேரின் பிள்ளைகள் மலேசியாவில் ஹோட்டல் வேலை செய்கிறார்கள்.

அக்டோபர் 9

ரஃபிகுலை அடித்துவிட்டார்கள்.

வாய்க்கால் மதகு பக்கம். பைக்கில் வந்தவர்கள். "எந்த ஊர்டா" என்று கேட்டுக்கேட்டு அடித்திருக்கிறார்கள். அவனுக்குத் தெரிந்த தமிழில் "முர்ஷிதாபாத், இந்தியா, இந்தியா" என்று கத்தியிருக்கிறான். கடைக்குக் கேட்டிருக்கிறது. இவர் ஓடியிருக்கிறார். அதற்குள் போய்விட்டார்கள்.

இடது கண்.

அல்லாஹ், இடது கண்.

அக்டோபர் 14

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தோம். கண் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது இவர் சொன்னார்: "நான் போய்ச் சேர்றதுக்குள்ள சிங்காரவேலு ஐயா அவன் தலையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. வெத்து உடம்பு. சட்டையைக் கழட்டிக் கண்ணுல கட்டியிருந்தாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்ததும் அவர் வண்டிலதான்."

சரி. அப்பன் சட்டையைக் கழற்றினான். மகன்?

ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் சரியாக இருக்கிறது என்று போலீஸே சொல்லிவிட்டது. 'டெல்டா சங்கு'வில் அது வரவில்லை. "வெளிமாநில நபர்கள் இடையே தகராறு, ஒருவர் காயம்" என்று போட்டிருக்கிறான். இடையே! அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்களாம்!

அவனை விடமாட்டேன். விடமாட்டேன்.

அக்டோபர் 30

ரஃபிகுல் ஊருக்குப் போனான். மற்றவர்களும் கூடவே. கொட்டகை காலி. அவன் தம்பி கையைப் பிடித்து ரயிலில் ஏற்றினான். போகும்போதும் என்னைப் பார்த்து "அக்கா, அழ வேணாம்" என்கிறான். ஒற்றைக் கண்ணோடு.

நவம்பர் 11

மழை. போலீஸ் ஸ்டேஷனில் எப்போது கேட்டாலும் அதே பதில். அடையாளம் தெரியாத நபர்கள். பைக் யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

ராஜராஜனைக் கடைவீதியில் பார்த்தேன். "என்ன ஃபாஜில் அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றான். வெட்கமே இல்லாமல். நான் நின்றேன். "ஒரு புள்ளையோட கண்ணை எடுத்துட்டு எப்படிடா உனக்குத் தூக்கம் வருது?" என்று கேட்டேன்.

"நான் கேள்விதான் கேட்டேன். அடிக்கச் சொன்னேனா?"

கேள்விதான் கேட்டானாம்.

அவன் வயிறு எரிய வேண்டும். எனக்கு எரிகிற மாதிரி எரிய வேண்டும். எது போனால் அவனுக்கு எரியும்? பணம் போனால் எரியாது. வேலை போனால் இன்னொன்று தேடுவான். யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மீன் ஆயும்போதும் அதேதான் யோசனை.

டிசம்பர் 3

மீரா உசேன் வந்தார். நம் ஆள்தான், ஜமாஅத் இளைஞர்களுக்கு எல்லாம் அவர்தான். 'வெண்ணாறு குரல்' என்று சேனல் வைத்திருக்கிறார். நம் வீடுகளில் அதைத்தான் பார்க்கிறோம். 'டெல்டா சங்கு' பார்க்கிறவர்கள் இதைப் பார்க்கமாட்டார்கள், இதைப் பார்க்கிறவர்கள் அதைப் பார்க்கமாட்டார்கள். பேரூராட்சித் தேர்தல் வருகிறது. அவருக்கு ஒரு கட்சி, ராஜராஜனுக்கு ஒரு கட்சி.

"லாத்தா, நீங்க பேசணும். நீங்க பேசினாத்தான் இது மேல போகும்" என்றார்.

இவர் கடையில் இருந்தார். அவரிடம் கேட்கவில்லை. உட்கார்ந்து பேசினேன். வீடியோ, கதவு, அடி, கண், எல்லாம். கேமராவை நிறுத்தாமலே மீரா உசேன் கேட்டார்: "அடிக்கும்போது ராஜராஜனோட அப்பாவும் அங்கதான் நின்னாருன்னு சொல்றாங்களே. நீங்க பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. நான் அன்று மதகுப் பக்கமே போகவில்லை.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எது போனால் ராஜராஜனுக்கு எரியும் என்று.

"பார்த்தேன். கையைக் கட்டிக்கிட்டு நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாரு. 'நல்லாப் போடுங்க'ன்னு சொன்னாரு" என்றேன்.

குரல் தடுமாறவில்லை. எனக்கே ஆச்சரியம்.

டிசம்பர் 5

எல்லா குரூப்பிலும் அதுதான். சென்னையிலிருந்து, துபாயிலிருந்து எல்லாம் கேட்கிறார்கள். "தைரியமான பொம்பளை" என்கிறார்கள். சிங்காரவேலு ஐயாவின் போட்டோவில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புகிறார்கள்.

இவர் போனை என் முன்னால் வைத்தார். சிரிப்பு இல்லை.

"அவர் கையில இருந்த ரத்தத்துக்கு நான்தான் தண்ணி ஊத்தினேன் ஹமீதா."

"அவர் மகன் செஞ்சதுக்கு?"

"அதுக்கு இவரா?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

டிசம்பர் 20

சிங்காரவேலு ஐயாவைப் பிடித்துவிட்டார்கள். மேலிடத்திலிருந்து அழுத்தமாம். கேஸில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். பைக்கில் வந்தவர்களைப் பிடிக்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ராஜராஜன் உட்கார்ந்து அழுதானாம். எல்லாரும் பார்க்க அழுதானாம்.

நல்லது. நன்றாக அழட்டும். இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

2022 ஜனவரி 4

ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். தினமும் ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். நம் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். முன்பெல்லாம் அந்த வழியாகப் போனால் "பாய், சக்கரை கம்மியா" என்று நிற்பார். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு போகிறார். இவர் டீயை ஆற்றிக்கொண்டு கிளாஸோடு ரோட்டுக்கே போனாராம். பெரியவர் நிற்கவில்லையாம்.

காலை டீக்கு வந்தவர்கள் இப்போது சுத்தமாக இல்லை. 'டெல்டா சங்கு' சொல்லிவிட்டது, இந்தக் கடை டீ வேண்டாம் என்று. சாயங்காலக் கூட்டம் இரட்டிப்பு. இவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. எனக்கு இருக்கிறது. இருந்தது. இருக்கிறது.

ஜனவரி 17

பொங்கல் முடிந்த மறுநாளே தர்மாம்பாள் வந்தார். சிங்காரவேலு ஐயா சம்சாரம். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நான் தயாராக இருந்தேன். என்னென்ன கேட்கலாம் என்று எப்போதோ வரிசையாக வைத்திருந்தேன். உன் மகன் எடுத்த படத்தைப் பார்த்தாயா? அந்தப் பிள்ளைகளுக்கு உன் கையால் சோறு போட்டாயே, அப்போது தெரியாதா அவர்கள் எந்த ஊர் என்று?

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேங்க. நீங்க உங்க கண்ணால பார்த்தீங்களா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை. கேமரா இல்லை.

"பார்த்தேன்" என்றேன்.

தலையை ஆட்டினார். "அவரு இல்லைங்கிறாரு. நீங்க அஞ்சு வேளை தொழுவுறவங்க, பொய் சொல்ல மாட்டீங்க. சரிங்க." இவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கத்தியிருக்கலாம் அந்த அம்மா. மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். எதற்கு நம்பித் தொலைத்தார்?

ஜனவரி 29

தர்மாம்பாள் புருஷனோடு பேசுவதில்லையாம். தட்டில் சோறு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாராம். பெரியவர் களத்துக் கொட்டகையில் படுக்கிறாராம். கறிக்கடையில் சொன்னார்கள். சொன்னவள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

மகனை எரிக்க நினைத்தேன். அவன் என்ன செய்கிறான்? "பொய் வழக்கில் என் தந்தை" என்று தினம் ஒரு வீடியோ. முன்னைவிட இரண்டு மடங்கு ஆட்கள் பார்க்கிறார்கள். என் மூஞ்சியையும் போட்டு, "யார் இந்தப் பெண்? இவருக்குப் பின்னால் யார்?"

அதே இசை.

அவனுக்கு எரியவில்லை. வியாபாரம் ஆகிறது. எரிகிறது அந்த அம்மாவுக்கு.

பிப்ரவரி 6

ரஃபிகுல் போன் பண்ணினான். தம்பிக்கு நிக்காஹ் பேசியிருக்கிறார்களாம். தனக்கு வயலில் இறங்க முடியவில்லை, வரப்பு எவ்வளவு தூரம் என்று மட்டுப்படவில்லை என்றான். ஒரு கடையில் மூட்டை பிரிக்கிறானாம். பிறகு,

"அக்கா, பெரியவர் எப்படி இருக்கு? சட்டை குடுத்தாரு. ரத்தம் போகலே. நான் வெச்சிருக்கு. புதுச் சட்டை வாங்கி தம்பிகிட்ட அனுப்பும், குடு அக்கா."

அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இங்கே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. அவன் பெயரைச் சொல்லித்தான் இவ்வளவும் செய்தேன். அவனை ஒரு வார்த்தை கேட்டேனா? ராஜராஜனும்தான் அவனைக் கேட்காமல் படம் எடுத்தான்.

"நல்லா இருக்காரு" என்று சொல்லி போனை வைத்தேன். மூன்றாவது பொய்.

பிப்ரவரி 8

மீரா உசேனுக்குப் போன் பண்ணி அந்த வீடியோவை எடுங்கள் என்றேன். நான் பார்க்கவில்லை, சொன்னது தப்பு என்றேன்.

அவர் சொன்னது: "லாத்தா, எலெக்‌ஷன் முடியட்டும். இப்ப எடுத்தா நம்ம எல்லாருக்கும் அசிங்கம். அவங்க போடாத பொய்யா?"

"அதுக்காகவா நாமளும்?"

"ஆரம்பிச்சது நீங்கதானே லாத்தா."

கேள்வியைக் கேட்டது அவர். ஆனால் பதில் என்னுடையது. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தர்மாம்பாள் வந்ததையும். ரொம்ப நேரம் கல்லாச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு இருந்தார். "ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுப்போம். நான் கூட வரேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தால் அது ஸ்டேஷனுக்குள் கிடக்கும். ஊர் முழுக்கக் கேட்டதை ஊர் முழுக்கத்தான் திருப்ப வேண்டும். நம் சேனல் விடாது. அப்படியென்றால்...

நினைக்கவே வாய் கசக்கிறது.

பிப்ரவரி 10

முதலில் தர்மாம்பாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் வைக்கோல் மூடிப் பட்டறை போட்ட நெல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "நான் பார்க்கலைங்க. நான் அங்க இல்லவே இல்ல. உங்க மகன் மேல இருந்த ஆத்திரத்துல சொன்னேன்" என்றேன். ஒரே மூச்சில். நின்றால் சொல்ல முடியாது என்று தெரியும்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"அவரு சாப்புட்டாரா இல்லையான்னுகூட நான் கேக்கலையேம்மா இத்தனை நாளா" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வைக்கோலைப் பார்த்துச் சொன்னார்.

நான் செய்யப் போவதைச் சொன்னேன். வேறு புடவைகூட மாற்றாமல் என்னோடு கிளம்பினார்.

உரக்கடை மாடி. ராஜராஜனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் அப்படியே மலர்ந்தது. "உக்காருங்க ஃபாஜில் அம்மா. ரெக்கார்ட் பண்ணி எடிட் பண்ணிப் போட்டுடலாம்."

"எடிட் வேணாம். லைவ்ல பேசுறேன். இல்லேன்னா பேசல."

யோசித்தான். அவன் எதிரி தன் வாயாலேயே பொய் என்று சொல்லப் போகிறாள், அதுவும் தேர்தலுக்கு முன்னால். அந்த ஆசையை அவனால் விட முடியவில்லை. விடமாட்டான் என்று எனக்குத் தெரியும். விளக்கைப் போட்டான்.

பெயரைச் சொன்னேன். சொன்னது பொய் என்றேன். "சிங்காரவேலு ஐயா அடிக்கச் சொல்லல. தன் சட்டையைக் கழட்டி அந்தப் புள்ளை கண்ணுல கட்டுனாரு. தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேர்த்ததும் அவருதான். நான் பார்த்தேன்னு சொன்னது முழுப் பொய். யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. நானா சொன்னேன்."

ராஜராஜன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். "இந்தப் பெண்மணியே ஒப்புக்கொண்டுவிட்டார்" என்று ஆரம்பித்தான்.

"நான் இன்னும் முடிக்கல தம்பி" என்றேன். "என் பொய்யை நான் சொல்லிட்டேன். உன்னோடதை நீ எப்ப சொல்லப் போற? எல்லை தாண்டி வந்தவங்களான்னு கேட்டியே, அவங்க நட்டது உங்க அப்பா வயல். ரெண்டு வருஷமா உங்க வீட்டு நாத்தை உங்க வீட்டு வயல்லதான் நட்டாங்க. உங்க அம்மா கையால சாப்பிட்டாங்க. ரஃபிகுல் எந்த ஊர்னு உனக்குத் தெரியாதா? அவனுக்குக் கண்ணு போச்சே, அதையாவது உன் சேனல்ல சொன்னியா?"

அவன் கை போனை நோக்கிப் போனது.

"ராஜா." தர்மாம்பாள் குரல், கதவோரத்திலிருந்து. "கையை எடு. அவங்க பேசட்டும்."

"அம்மா, லைவ் போயிட்டு இருக்கு."

"போவட்டும். நான்தான் அவங்களுக்குச் சோறு போட்டேன். எல்லாரும் கேட்டுக்கட்டும். நான்தான் போட்டேன்."

கை அந்தரத்திலேயே நின்றது. அவன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை மாதமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம். வயிறு எரிகிற முகம். பார்த்துவிட்டேன்.

இனிக்கும் என்று நினைத்திருந்தேன். தர்மாம்பாள் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்ததால் அந்த முகத்தை முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

பிப்ரவரி 11

வீடியோவை அன்றே எடுத்துவிட்டான். எடுத்தால் என்ன, பார்த்தவர்கள் சேமித்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பாதி. அவர்கள் பக்கம் நான் பொய் சொன்னேன் என்கிற பாதி ஓடுகிறது. நம் பக்கம் அவன் பொய் சொன்னான் என்கிற பாதி. முழுசாகப் பார்த்தவர் யாராவது உண்டா தெரியவில்லை.

ஜமாஅத் பெண்கள் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். கமருன்னிஸா மட்டும் தனியாக எழுதியிருந்தாள்: "எவ்வளவு வாங்கினாய்?"

பிப்ரவரி 14

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டோம். கெட்ட வார்த்தை தவிர எல்லா வார்த்தையும் சொல்லித் திட்டினார்கள். பெரியவர் பெயரை எடுக்கிறோம் என்றிருக்கிறார்கள். திரும்பி வரும்போது இவர் "நடந்தே போவமா?" என்றார். நடந்தோம்.

பிப்ரவரி 23

தேர்தல் முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்பது எழுதுவதற்கு உரியதாகத் தோன்றவில்லை.

கடைக்குக் காலைக் கூட்டமும் இல்லை, மாலைக் கூட்டமும் இல்லை. டிவி தானாக ஓடுகிறது.

ஏப்ரல் 2

ஸ்டேஷனுக்குப் போனபோது பைக்கில் வந்தவர்களில் இரண்டு பேரைச் சிங்காரவேலு ஐயா அடையாளம் சொல்லியிருக்கிறாராம். இருவரும் ராஜராஜன் கட்சி. அப்பாவும் மகனும் இப்போது பேசுவதில்லை. 'டெல்டா சங்கு'வுக்கு விளம்பரம் கொடுத்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவன் கட்சிக் கூட்டமே அவனை "வீட்டிலேயே வெளியாளுக்குச் சோறு போட்டவன்" என்கிறது, நம் கூட்டத்துக்கு அவனை எப்போதுமே ஆகாது.

இதைத்தானே கேட்டேன். கிடைத்துவிட்டது. இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 30

குறுவை நடவு தொடங்கிவிட்டது. ரஃபிகுல் தம்பியும் கூட்டமும் வந்திருக்கிறார்கள். நம் கொட்டகைக்கு வரவில்லை, சிங்காரவேலு ஐயா வீட்டிலேயே தங்கியிருக்கிறார்கள். பாதுகாப்பு என்று அவரே சொல்லிவிட்டாராம். பரவாயில்லை. பெரியவர் இன்று காலை கடையில் நின்று டீ குடித்தார். சர்க்கரை கம்மியாக. என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஜூலை 9

பெருநாளுக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தேன். தர்மாம்பாள் வந்தார். இன்றைக்கு உட்கார்ந்தார்.

ராஜராஜன் நேற்று சிங்கப்பூர் போய்விட்டானாம். பழைய கம்பெனியே கூப்பிட்டிருக்கிறது. ஏர்போர்ட்டுக்கு அப்பா போகவில்லையாம். தர்மாம்பாள் மட்டும் திருச்சி வரை போயிருக்கிறார்.

"அங்க வெளியாளுங்க மேல இப்ப கோவமா இருக்காங்கன்னு சொல்றாங்க. அவன்தான் முன்னாடி சொல்லுவான், ரூம்ல இருந்து இறங்குனாலே முறைப்பாங்கன்னு" என்றார். முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்தார். "பாயம்மா, நாளைக்கு உங்க பெருநாள்ல, தொழுவுறப்ப, அவனுக்காக ஒரு வார்த்தை... உங்ககிட்ட கேக்க எனக்கு வாயில்ல. இருந்தாலும் கேக்குறேன்."

சரி என்றேன்.

ஜூலை 10

தொழுது முடித்து கையை ஏந்தினேன். ரஃபிகுலுக்குக் கேட்டேன். ஃபாஜிலுக்கும் இவருக்கும் கேட்டேன். பிறகு அவன் பெயர். வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. இரண்டு தடவை முயன்றேன்.

தர்மாம்பாளின் பிள்ளைக்கு என்று கேட்டேன்.